18 நாள், 11 கச்சேரி: ஜெர்மனி போய் வந்த எங்கள் கொயரும் நோட்ஸ் இல்லாத ஒரு பாட்டும்

அரசரடி_டெனர்

போன வாரம்தான் ஊர் திரும்பினோம். 22 பேர், 18 நாள், கிழக்கு ஜெர்மனியில் 11 இடங்களில் பாட்டு. கிளம்பும் முன் இங்கே நிறையப் பேர் யோசனை சொன்னீர்கள், அதனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: இது மதுரைக் கொயர், அதாவது பாடகர் குழு, எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. நான்கு குரலில் பாடுவோம்: பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ; ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ். பாதிப்பேர் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சிறு வயதிலிருந்து பாடியவர்கள். மீதியில் இரண்டு பள்ளி ஆசிரியர்கள், மூன்று கல்லூரிப் பிள்ளைகள், ஒரு லேத் பட்டறைக்காரர், பஜனை மடத்தில் வளர்ந்த ஒரு சௌராஷ்டிராக்காரர் (டெனர்களில் சுருதி விலகாத ஒரே ஆள் அவர்தான், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்). சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பயிற்சி. மின்விசிறி ஓடினால் ஆல்ட்டோவுக்குக் கேட்காது, நிறுத்தினால் பேஸ் மயங்கி விழும்.

நிகழ்ச்சியில் முதல் பகுதி பாக், ஹாண்டல் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர்களின் பாட்டு. நடுவில் நான்கு குரலுக்கு அமைத்த தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள். கடைசியில் பறையோடு இரண்டு நாட்டுப்புறப் பாட்டு, இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி.

முதல் கச்சேரி ஒரு கிராமத்துக் கல் தேவாலயத்தில். முதல் பாட்டு முடிந்தது, ஒரு கைதட்டல் இல்லை. இரண்டாவது முடிந்தது, யாரும் அசையக்கூட இல்லை. நான்காவது பாட்டில் எங்கள் சொப்ரானோ ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்றே நினைத்தோம். தேவாலயத்தில் பாட்டுக்குப் பாட்டு தட்டமாட்டார்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. கடைசிப் பாட்டின் எதிரொலி அடங்கும்வரை சும்மா இருந்தார்கள். அப்புறம் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. "ஸூகாபே, ஸூகாபே" என்று கத்தல். இன்னொன்று பாடு என்று அர்த்தமாம். எங்களிடம் இன்னொன்று இல்லை!

கொயர் மாஸ்டர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் தரையைப் பார்க்கிறோம். திடீரென்று ஆல்ட்டோ வரிசையில் இருந்து ஒரு அக்கா அவருடைய அம்மா பாடும் நடவுப் பாட்டை எடுத்துவிட்டார். பயிற்சி இல்லை, குரல் குரலாகப் பிரித்த பார்ட்ஸ் இல்லை. நாங்கள் பின்பாட்டு மட்டும் வாங்கினோம். கடைசியில் அவர் ஒரு குலவை போட்டார் பாருங்கள், அந்தக் கல் கூரையில் அது நாலு விநாடி சுற்றியது.

அன்றிலிருந்து 11 இடத்திலும் அந்தப் பாட்டுதான் கடைசி.

திருநகர்_தேவி

அருமை அண்ணே! எங்கள் ஆலயக் கொயரும் அடுத்த வருடம் போகலாமா என்று பேச்சு ஓடுகிறது. விசா, செலவு பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

அரசரடி_டெனர்

தங்கச்சி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து இதுதான் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகை கொடுக்க நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் பாண்டியனில் ஏறிச் சென்னை போனோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம்வரை இழுக்காதீர்கள்.

விமான டிக்கெட் அவரவர் காசு, அதற்காகச் சீட்டுப் பணம் எடுத்தவர்களும் உண்டு. அங்கே ஓட்டல் செலவு இல்லை, ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு பேராக வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு கூடை வைப்பார்கள், போகிறவர்கள் போட்டுவிட்டுப் போவார்கள். பஸ் செலவு முழுக்க அந்தக் கூடைதான்.

ஒன்று மட்டும் மனசில் கிடக்கிறது. நாங்கள் 23 பேராகப் போக வேண்டியது. எங்கள் நல்ல டெனர் ஒருவர் பெயிண்டர், தினக்கூலி. சம்பளச் சான்று, கம்பெனிக் கடிதம் என்று காட்ட எதுவும் இல்லை. திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை எனக் காரணம் போட்டு அவருக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் வந்தவர். தினக்கூலி ஆள் உங்கள் குழுவில் இருந்தால் வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், குடும்பச் சான்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

மாசிவீதி_மைனர்

வாழ்த்துகள், மனசார. ஆனால் ஒரு சந்தேகம், கோபிக்கக் கூடாது.

வெள்ளைக்காரர் எழுந்து நின்று தட்டினால்தான் நம் பாட்டுக்கு மரியாதையா? எம்.எஸ். அம்மா 1963இல் எடின்பரோவிலும் 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. சபையிலும் பாடினார்கள், பெருமைதான். ஆனால் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே அது மதுரை கேட்ட குரல். இன்னொன்று, பட்டுப்புடவை, வேட்டி, பறை, குலவை என்றால் வேடிக்கைக்கே கை தட்டியிருப்பார்கள். நம் ஊர்த் திருவிழாவில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஒயிலாட்டம் ஆடினால் நாமும்தான் விசில் அடிக்கிறோம். அவர் நன்றாக ஆடினார் என்றா?

பசுமலை_ஆல்ட்டோ

குலவை போட்ட அக்கா நான்தான். பட்டுப்புடவை எல்லாம் இல்லை தம்பி, சுங்குடிச் சேலை. பட்டு கட்டிக்கொண்டு 11 ஊர் பஸ்ஸில் போக முடியுமா, யார் அயர்ன் பண்ணுவது?

மாசிவீதி_மைனர்

சுங்குடிக்கு ஒரு மார்க் கூடுதல் அக்கா. கேள்வி அப்படியே நிற்கிறது.

சுருதிப்பெட்டி

நான் கர்நாடக சங்கீதப் பக்கத்து ஆள். எனக்குக் கைதட்டலைவிட இதுதான் தெரிய வேண்டும்: கீர்த்தனையை நான்கு குரலில் எப்படிப் பிரித்தீர்கள்? ராகம் தாங்கியதா?

அரசரடி_டெனர்

சில ராகம் தாங்கும், சில ராகம் அடிக்கும். சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான், கீரவாணி ஹார்மோனிக் மைனர். இரண்டிலும் வழி சுலபம். மோகனத்தில் மாட்டிக்கொண்டோம். மவும் நியும் இல்லாததால் அந்த ஐந்து சுரத்துக்குள் முழுசாக அமைகிற கார்டே (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம்) இரண்டுதான், ச-க-ப ஒன்று, த-ச-க ஒன்று. அதை வைத்து ஒரு கீர்த்தனை முழுக்க ஓட்டினால் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். கடைசியில் பேஸை ச-ப பிடித்துத் தம்புரா மாதிரி நிற்கச் சொல்லிவிட்டு, டெனரும் ஆல்ட்டோவும் மெட்டையே ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்துகிற மாதிரி வைத்தார் மாஸ்டர். மாயாமாளவகௌளையில் பவில் தொடங்கும் கார்டுக்கு ரி சின்னதாகி இடிக்கிறது, அதனால் அந்தப் பாட்டை ஒரே குரலில் விட்டுவிட்டோம்.

கமகம் இன்னொரு தலைவலி. ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரத்தை அசைத்தால் அது அசைவு இல்லை, சந்தைக்கடை. மெட்டு பாடுகிறவர்களுக்கு மட்டும் அசைவு, மற்ற மூன்று குரலும் நேர் சுரம் என்று வைத்தோம்.

அங்கே போன பிறகு இன்னொரு பாடம். கல் தேவாலயத்தில் ஒரு சுரத்தை விட்ட பிறகும் அது நாலைந்து விநாடி தொங்கும். வேகமாகப் பாடினால் போன வரியின் மேலேயே அடுத்த வரி விழுந்து கூழாகிவிடும். எல்லாவற்றையும் மெதுவாக்கினோம். அப்போதுதான் தமிழின் சௌகரியம் தெரிந்தது. நம் வார்த்தைகள் ம், ன், ல் என்று முடிகின்றன. வாயை மூடிய பிறகும் அந்த "ம்" கூரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மன் வரிகளில் வார்த்தைக் கடைசியில் "ஸ்", "ட்" வந்தால் 22 பேரும் ஒரே நொடியில் முடிக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் பாம்பு சீறுகிற மாதிரி கேட்கும்.

பறை பாவம். செப்டம்பர் கடைசிக் குளிர், ஈரம், தோல் தொய்ந்து சத்தமே எழும்பவில்லை. நம் ஊரில் நாலு வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால் தீர்ந்தது. அங்கே தேவாலயத்துக்குள் நெருப்பு என்றாலே தீயணைப்பு வண்டி வந்துவிடும். தங்கியிருந்த வீட்டு அம்மாவின் முடி காயவைக்கும் மெஷினைக் கடன் வாங்கிப் பாட்டுக்குப் பாட்டு சூடு காட்டினோம். அந்த மெஷினும் எங்களோடு கடைசிவரை ஊர் ஊராக வந்தது.

தல்லாகுளம்_பேஸ்

எனக்கு 71 வயது. இப்போது குரல் போய்விட்டது, காது இருக்கிறது. மைனர் தம்பிக்கு ஒரு சங்கதி.

நான் கொயரில் சேர்ந்த காலத்தில் பாமாலைக்கு இருந்த மரியாதை கீர்த்தனைக்கு இல்லை. பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டு, நான்கு குரல், டோனிக் சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்று எழுத்தில் சுரம் குறிக்கும் முறை) எழுதியிருக்கும், நின்று பாடுவோம். கீர்த்தனை உட்கார்ந்து பாடுவது. எங்கள் மாஸ்டர் கீர்த்தனைக்குப் பயிற்சியே வைக்கமாட்டார், அது தன்னால் வரும் என்பார். இத்தனைக்கும் 1853இலேயே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்கிற அமெரிக்கர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். அப்போது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் உயிரோடு இருந்தார், 1864இல்தான் காலமானார். வெளியூரிலிருந்து வந்தவர் இது பாட்டு என்று அச்சடித்தார், நாம் அதற்குப் பிறகும் நூறு வருடம் அதை உட்கார்ந்தே பாடினோம்.

நாட்டுப்புற மெட்டுக்கு இன்னும் மோசம். அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும், கிராமத்து மெட்டிலும் தாளத்திலும் வழிபாட்டையே அமைத்தார். 2005இல் போய்விட்டார். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன், இப்போது ஒப்புக்கொள்கிறேன். பறை ஆலயத்துக்குள் வருவதா என்று கேட்டவன்.

ஆக, வெளியூர்க்காரர் கைதட்டினால்தான் மதிப்பா என்று கேட்டால், வேண்டாம்தான். ஆனால் உள்ளூர்க்காரர் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாசிவீதி_மைனர்

ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேலிதாண்டி_வெள்ளாடு

பறை என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் தெருவில் போன வருடம்

நடுவர்

வெள்ளாடு, அந்த விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள். பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன்.

ஹம்_நகர்_அம்மா

வணக்கம் பிள்ளைகள். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமாக ஜெர்மனியில், ஹம் நகரில் இருக்கிறேன். உங்கட கச்சேரி ஒன்றுக்கு நானும் இவரும் நாலு மணித்தியாலம் கார் ஓடிப் போனோம். இங்க இருக்கிற காமாட்சி அம்மன் கோயில் கொடியேற்றத்துக்குக்கூட இவர் இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

வேடிக்கை பார்த்தார்களா என்று தம்பி கேட்டதுக்குச் சொல்லுகிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவி இருந்தா. வாசலில் தந்த தாளில் எல்லாப் பாட்டுக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருந்தது, கடைசிப் பாட்டுக்கு மட்டும் இல்லை. அந்தப் பாட்டு என்ன கதைக்கிறது என்று என்னைக் கேட்டா. நாற்று நடுகிறது, சேற்றில் பின்பக்கமாக நடந்து நடுகிறது, முதுகு நோகாமல் இருக்கப் பாடுகிறது என்று சொன்னேன். தானும் சின்ன வயதில் உருளைக்கிழங்கு வயலில் குனிந்து நின்றதாகச் சொல்லி, தன்ர இடுப்பைப் பிடித்துக் காட்டினா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. கண்ணை மூடினவ எதை வேடிக்கை பார்க்கிறது?

ஆனால் முன்வரிசையில் ரெண்டு பேர் பாட்டு முழுக்க ஃபோனில் வீடியோதான் எடுத்தவை. அதையும் சொல்லத்தானே வேணும்.

பசுமலை_ஆல்ட்டோ

அம்மா, நீங்கள்தானா! வெளியே வந்து என் கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனீர்களே. என் தொண்டையைக் காப்பாற்றியது அதுதான். விமானத்தின் காய்ந்த காற்றில் போகும்போதே பாதிக் குரல் போயிருந்தது.

சுருதிப்பெட்டி

பாக் பிறந்த நாட்டில் பாக் பாடினீர்களே, அது எப்படிப் போனது?

அரசரடி_டெனர்

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் லைப்சிக் போனோம். தோமா தேவாலயத்தில் பாக் 1723இலிருந்து 1750இல் சாகும்வரை பாட்டு நடத்தியிருக்கிறார், கல்லறையும் அங்கேதான். அந்தப் பையன்கள் கொயருக்கு எண்ணூறு வருடப் பழக்கம், 1212இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பாடுவதை உட்கார்ந்து கேட்டோம். வெளியே வந்து பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் லேத் பட்டறை அண்ணன்தான், "கொல்லத் தெருவில் ஊசி விற்கக் கிளம்பியிருக்கோம்ல" என்றார். அன்றைக்கே மாஸ்டர் மூன்று பாக் பாட்டை ஒன்றாகக் குறைத்தார். அந்த ஒன்றும் மரியாதைக்கு. தட்டினார்கள். மைனர் சொல்கிற மரியாதைக் கைதட்டல் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஹாலே வேறு மாதிரி. ஹாண்டல் பிறந்த ஊர் என்று போனோம், ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது பிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய நிறுவனத்தில் இருக்கும் தமிழ் ஓலைச்சுவடிகள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்ற ஜெர்மன் மிஷனரி தமிழில் அச்சடிக்கத் தொடங்கியபோது, அதற்கான எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியதும் ஹாலேயில்தான். எங்கள் சௌராஷ்டிரா டெனர் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்து ஒரு ஓலையை எழுத்துக் கூட்டி வாசிக்க, காவலாளி பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். தினமும் அதைப் பார்க்கிறாராம், ஒருவர் வாய்விட்டு வாசித்து இன்றுதான் கேட்கிறாராம்.

பசுமலை_ஆல்ட்டோ

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். தம்பி தலைப்பில் போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் ஊரைச் சுற்றுகிறது.

ஏழாவது கச்சேரி முடிந்து, இரண்டு ஊர் தள்ளி ஒரு கொயர் நடத்துகிற அம்மா வந்தார். நடவுப் பாட்டுக்கு நோட்ஸ், அதாவது சுரக் குறிப்பு கொடுங்கள், கிறிஸ்துமஸுக்குப் பிறகு எங்கள் கொயரில் பாடுகிறோம் என்றார். நோட்ஸ் எங்கே இருக்கிறது? பாடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முதல் தடவை பாடினேன், எழுதினார். சரிபார்க்க மறுபடி பாடச் சொன்னார், மூன்றாம் வரி வேறு மாதிரி வந்தது. அழித்து எழுதினார். மூன்றாவது தடவை முதல் வரியே வேறு. பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார், எது சரி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது அம்மாவிடம் கேட்ட பாட்டு. சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர், பெரியாறு தண்ணீர் வந்தால் நடவு. பத்து வயதுவரை வரப்பில் உட்கார்ந்து கேட்டதுதான்.

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எதை அனுப்புவது?

சுருதிப்பெட்டி

இருப்பதில் நல்லதை எடுத்துச் சுரப்படுத்துங்கள் அக்கா. எழுதாத பாட்டு எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. நடவு மெஷின் வந்த பிறகு யார் பாடப் போகிறார்கள்? தப்பாக எழுதினாலும் இல்லாமல் போவதற்கு மேல்.

தல்லாகுளம்_பேஸ்

அவசரப்படாதே அம்மா. பழைய கீர்த்தனைப் புத்தகங்களைப் பார், ராகம் தாளம் பெயர்தான் மேலே இருக்கும், மெட்டு இருக்காது. வாய்வழியாகத்தான் போயிற்று. அதனால்தான் ஒரே கீர்த்தனை ஊருக்கு ஒரு மாதிரி. அதைக் குறை என்று நினைத்திருந்தேன். அப்பாவு ஐயா இதில் தெளிவாக இருந்தார், நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறவர் கையில் மாற வேண்டியது, ஒருவர் எழுதி முடித்து வைக்க அது கட்டடம் இல்லை என்பது அவர் கட்சி. சோல்ஃபாவில் எழுதி அனுப்பினால் அங்கே முப்பது பேர் மூன்றாம் வரியை ஆயுசுக்கும் ஒரே மாதிரி பாடுவார்கள்.

மாசிவீதி_மைனர்

மூன்றையும் எழுதி அனுப்பினால் என்ன? "இதில் எது வந்தாலும் சரி" என்று ஒரு குறிப்பு. சித்திரைத் திருவிழாவில் அழகர் வர்ணிப்பு கேட்டிருக்கிறீர்களா? அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே மண்டகப்படியில் பாடினாலே இரண்டு விதம்.

தல்லாகுளம்_பேஸ்

மைனர் வாயிலிருந்து உருப்படியாக ஒன்று.

ஹம்_நகர்_அம்மா

பிள்ளை, அம்மா இருக்கிறாவோ? இருந்தால் அவவிடம் கேளுங்கோவன். நாங்கள் ஏன் கதைக்கிறோம்?

பசுமலை_ஆல்ட்டோ

இருக்கிறார் அம்மா, 68 வயது. நான் ஜெர்மனியில் என்ன பாடினேன் என்று அவருக்கு இன்னும் சொல்லவே இல்லை. கொஞ்சம் வெட்கம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அரசரடி_டெனர்

போய் வந்தாச்சு. அக்கா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பெயிண்டர் அண்ணனும் கூட வந்தார்.

திண்ணையில் உட்கார்ந்து ஃபோனில் லைப்சிக் பக்கத்துக் கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டினோம். கல் கூரை எதிரொலி, மெதுவான நடை, பேஸ் சுருதி பிடித்து நிற்க அக்காவின் குரல், குலவை, கைதட்டல் எல்லாம். அம்மா வெற்றிலையை மடித்தபடியே முழுசாகக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்: "ஏண்டி, இம்புட்டு மெதுவாப் பாடுனா நாத்து காஞ்சு போகாதா?"

அப்புறம் அவரே பாடினார். எங்கள் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு. பெயிண்டர் அண்ணன் இரண்டாம் வரியிலேயே பின்பாட்டைப் பிடித்துவிட்டார். மூன்றாம் வரி அக்கா பாடிய மூன்றில் எதுவும் இல்லை, நான்காவதாக ஒன்று. எது சரி என்று கேட்டோம். சேறு எவ்வளவு ஆழமோ அதைப் பொறுத்தது என்றார். ஆழமான வயலில் காலை உருவ நேரம் பிடிக்கும், வரி நீளும். மேட்டு வயலில் சுருங்கும்.

பதிவு செய்திருக்கிறோம், அதைத்தான் அந்த அம்மாவுக்கு அனுப்பப் போகிறோம். கூடவே சேற்றைப் பற்றி ஒரு குறிப்பும். அதை ஜெர்மனில் யார் எழுதித் தருவது?

ஹம்_நகர்_அம்மா

என்னட்ட விடுங்கோ.

திருநகர்_தேவி

அண்ணே, சனிக்கிழமை பயிற்சி எத்தனை மணிக்கு? கேட்க மட்டும் வரலாமா?

அரசரடி_டெனர்

ஐந்தரைக்கு. வரலாம். கூட ஒரு டெனர் கிடைத்தால் கூட்டிக்கொண்டு வா.